இட்லிக்கூடத்துக்கு எவ்வளவு பெரிய பாய்லர்? முழுமையான வழிகாட்டி

தாராவியில் விடியுமுன் அவியும் இட்லி, காலைக்குள் மும்பைத் தெருக்களுக்குப் போய்விடுகிறது. வியாபாரம் பெருகியதும் அடுப்பை விட்டு ஆவி பாய்லருக்கு மாறலாமா என்ற யோசனை வரும். விற்பவர் "ஒரு நாளைக்கு எத்தனை இட்லி?" என்று கேட்பார். அந்தக் கேள்வியே தப்பு. செம்பூர் உர ஆலைக்கு டன் கணக்கில் ஆவி, நமக்குக் கிலோ கணக்கில். ஆனால் இரண்டு இடத்திலும் மணிக்கு எவ்வளவு ஆவி என்பதுதான் கணக்கு.

ஓர் ஈட்டுக்கு எவ்வளவு ஆவி?

ஓர் ஈட்டுக்கு 20 கிலோ மாவு, தட்டும் பெட்டியுமாக 60 கிலோ எஃகு என்று வையுங்கள். இரண்டும் 30 டிகிரியிலிருந்து 100க்கு ஏற வேண்டும். எடை × தன்வெப்பம் × டிகிரி உயர்வு என்று பெருக்கினால், மாவுக்கு 20 × 0.8 × 70 = 1,120 கிலோகலோரி. எஃகுக்கு 60 × 0.12 × 70 = 504. மொத்தம் 1,624. ஒரு கிலோ ஆவி நீராகும்போது 540 கிலோகலோரி விடும். ஆக, ஈட்டுக்கு 3 கிலோ ஆவி. அதைப் பத்து நிமிடத்தில் கொடுக்க, மணிக்கு 18 கிலோ வேண்டும். பெட்டி சூடான பிறகு தேவை குறையும். ஆனாலும் முதல் ஈட்டை வைத்தே அளவெடுங்கள்.

எது எதோடு சேர்ந்து ஓடும்?

100 லிட்டர் சாம்பாரை அரைமணியில் கொதிக்கவைக்க 13 கிலோ ஆவி, அதாவது மணிக்கு 26. இட்லியும் கூடவே வெந்தால் 44. சாம்பாரை முன்னதாகவே இறக்கிவிட்டால் 26 போதும். வேலை வரிசையை மாற்றக் காசு ஆகாது. பாய்லர் வாங்குமுன் முதலில் இதைப் பாருங்கள். இரண்டும் சேர்ந்துதான் ஓடும் என்றால், கசிவுக்கு 20 சதவீதம் கூட்டி 53.

பட்டியல் எண்ணை நம்பலாமா?

பாய்லரில் எழுதியிருக்கும் அளவு பெரும்பாலும் 100 டிகிரி நீரை ஆவியாக்கும் கணக்கு. உங்கள் தொட்டி நீரோ 30 டிகிரி. கிலோவுக்கு 540 அல்ல, சுமார் 610 கிலோகலோரி பிடிக்கும். எனவே 53க்கு, 60 என்று எழுதியதை வாங்குங்கள். 'நாளைக்கு உதவும்' என்று 200 வாங்கினால் பர்னர் நின்று நின்று எரிந்து எரிவாயுவைத் தின்னும்.

தண்ணீர்

மணிக்கு 53 லிட்டர்வரை போகும். மாநகராட்சியின் ஏரித் தண்ணீர் மென்மையானது. போர்வெல் தண்ணீரென்றால் மென்னீராக்கும் கருவி இல்லாமல் ஓட்டாதீர்கள், உப்புப் படிந்துவிடும். ஆவி நேரே இட்லியில் படுவதால், உணவுக்கு ஏற்றதல்லாத பாய்லர் மருந்து எதுவும் கூடாது.

சட்டம்

25 லிட்டருக்குக் குறைந்த கொள்ளளவுக்கும், சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோவுக்குக் குறைந்த அழுத்தத்துக்கும் கொதிகலன் சட்டம் பொருந்தாது. இட்லிக்கு அந்தக் குறைந்த அழுத்தமே தாராளம். கொள்ளளவு, அழுத்தம் இரண்டும் அந்த வரம்பை எட்டினால் பதிவும் ஆய்வும் கட்டாயம். விலக்குப் பெற்ற பாய்லரும் வெடிக்கும். சேஃப்டி வால்வை யார் சொன்னாலும் அடைத்துக் கட்டாதீர்கள்.