அரசாணையை வகுப்பில் வாசித்தல்

சட்டம், விதி, அரசாணை ஆகிய மூன்றும் மாணவர்களுக்கு ஒன்றுபோலவே தோன்றுகின்றன. வரையறையைக் கரும்பலகையில் எழுதிப் போடுவதைவிட, ஓர் ஆணையையே கையில் கொடுத்துவிடலாம். ஒன்பதாம் வகுப்பிற்கு நான் எடுத்துக்கொண்டது நெகிழித் தடை ஆணை: சுற்றுச்சூழல் மற்றும் வனத்துறை, அரசாணை (நிலை) எண் 84, நாள் 25.06.2018. 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம் தந்த அதிகாரத்தில் பிறந்த ஆணை இது, 01.01.2019 முதல் நடைமுறையில் உள்ளது. வேண்டிய பகுதிகளை மட்டும் எளிய தமிழில் தயாரித்துக்கொண்டேன்.

எண், நாள், சுருக்கம், ஆணை, 'ஆளுநரின் ஆணைப்படி', பெறுநர் என்று உறுப்புகளை அடையாளம் காணப் பத்து நிமிடம் போதும்.

விலக்குப் பகுதியில்தான் வகுப்பு சூடுபிடித்தது. பால், தயிர், எண்ணெய், மருந்து ஆகியவற்றின் உறைகளுக்கு விலக்கு உண்டு. தடை செய்யப்பட்ட 14 பொருள்களில் உணவு கட்டும் நெகிழித்தாளும் ஒன்று. "பால் பாக்கெட் மட்டும் பிளாஸ்டிக் இல்லையா டீச்சர்? எங்கம்மா இட்லி கட்டுற தாள்தான் தப்பா?" என்றாள் ஒரு மாணவி. அவள் அம்மாவுக்குப் பேருந்து நிறுத்தத்தில் தள்ளுவண்டிக் கடை. பாலைக் கெடாமல் கொண்டுசேர்க்க வேறு வழி இல்லை என்றான் ஒருவன். இட்லிக்கு வாழையிலை இருக்கிறதே என்றான். பெரிய நிறுவனத்துக்கு ஒரு நியாயம், வண்டிக்கடைக்கு ஒரு நியாயமா என்றாள் இன்னொருத்தி. நான் தீர்ப்புச் சொல்லவில்லை. தொழிற்சாலையிலேயே உறையிட்டு வரும் பொருள்களுக்கு முதலில் இருந்த விலக்கு 2020இல் நீக்கப்பட்டதை மட்டும் சொன்னேன். ஆணை திருத்தப்படும் என்பதே பலருக்குப் புதுச் செய்தி.

அடுத்து மைக்ரான் சிக்கல். "120 மைக்ரான் பை செல்லும்" என்று கடைக்காரர் சொல்வது ஒன்றிய அரசின் விதி, 31.12.2022 முதல் வந்தது. நம் மாநில ஆணையோ தடிமன் எதுவானாலும் தூக்குப் பைக்குத் தடை என்கிறது. துணிபோல் தோன்றும் நெய்யாத பையும் பட்டியலில் இருக்கிறது. இதைப் பெரியவர்களே அறிவதில்லை.

மறுநாள் அந்த மாணவி வண்டியில் உள்ள பொருள்களைப் பட்டியலிட்டு வந்தாள். கட்டும் தாளும் நெகிழி பூசிய காகிதக் குவளையும் தடையில் வந்தன. மந்தார இலைத் தொன்னை வரவில்லை.

அடுத்த பாடவேளைக்கு ஊராட்சி அலுவலகப் பலகையில் உள்ள ஓர் அறிவிப்பைப் படியெடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். கடைசி நாள் எது, யாரிடம் மனு கொடுப்பது என்ற இரண்டுக்கும் அடிக்கோடிட வேண்டும்.