பளையிலிருந்து எழுதிய தங்கச்சிக்கு



உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் தம்பிக்குப் பரந்தனில் வேலை. பஸ்ஸை நம்பினால் நேரத்துக்குப் போய்ச்சேர முடியவில்லை. சீட்டுக்காசு கைக்கு வந்திருக்கிறது. பளைச் சந்திக்குக் கிட்ட ஒருவர் 125 சிசி மோட்டார் சைக்கிள் ஒன்றை விற்க நிற்கிறார். "எஞ்சின் பஞ்சு மாதிரி ஓடுது, கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கோ" என்கிறாராம். கூட்டிக்கொண்டு போக ஆளில்லை, எனக்கு மெசின் ஒன்றும் தெரியாது, எதைப் பார்க்கிறது என்று கேட்டிருந்தீர்கள். இதே கேள்வி பல வீடுகளில் இருக்கும். அதனால் உங்கள் பெயரை விட்டுவிட்டு எல்லாரும் வாசிக்கத்தக்கதாக எழுதுகிறேன்.

மெசின் தெரியாதது ஒரு குறையே இல்லை. தெரிந்தவர்கள் நேரே எஞ்சினுக்குத்தான் காதைக் கொடுப்பார்கள். 90களில் பொருளாதாரத் தடைக்குள் பெற்றோல் இல்லாமல் எம்.டி. 90 மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டிய சனம் நாங்கள். இரண்டு சொட்டுப் பெற்றோலை ஊசியால் விட்டு, உதைத்து உதைத்து, அது பற்றிக்கொண்டு புகை கக்கினால் அன்றைய பாடு முடிந்தது. அந்தக் காலத்தில் வளர்ந்தவர்கள் இன்றைக்கும் சத்தத்தை வைத்துத்தான் விலை பேசுகிறார்கள். எஞ்சின் நின்றுபோனால் உங்கள் தம்பி இயக்கச்சியிலோ உமையாள்புரத்திலோ வண்டியை உருட்டுவான், பிந்தியென்றாலும் வீட்டுக்கு வந்து சேருவான். ஆளை விழுத்துவது பிறேக்கும் ரயரும் ஹான்டில் கழுத்தும் சில்லும்தான். நின்ற இடத்தில் அவை சத்தமே போடாது. அவற்றைக் கண்டுபிடிக்கக் கண்ணும் கையும் போதும்.

எனக்கு இதைப் படிப்பித்தது ஒரு சுரையாணி. பல வருடங்களுக்கு முன் நானும் எஞ்சின் சத்தத்தைக் கேட்டு மயங்கித்தான் ஒரு வண்டி வாங்கினேன். வாங்கி மூன்றாம் நாள், ஆனையிறவு தாண்டி இயக்கச்சிப் பக்கம் வரும்போது மாடொன்று குறுக்கே வந்தது. பின்பிறேக்கை மிதித்தேன். வண்டி வேகம் குறைக்கவில்லை. பின்சில்லு அப்படியே இறுகி நின்றுவிட்டது. பின்பக்கம் வலப்புறமாக வீசியதுதான் தெரியும், வீதியோர மணலில் கிடந்தேன். பின்னால் பஸ் ஒன்றும் வராததால்தான் இன்றைக்கு உங்களுக்கு எழுதுகிறேன். கராஜில் கழற்றியபோது மெக்கானிக் அண்ணை ஒரு துண்டுக் கம்பியை என் உள்ளங்கையில் வைத்தார். வேலி அடைக்கிற கம்பி.

விளக்கமாகச் சொல்கிறேன். பின்னுக்கு டிறம் பிறேக் உள்ள பல பைக்குகளில், பிறேக் தட்டு சில்லோடு சேர்ந்து சுற்றாமல் ஒரு சப்பை இரும்புச் சட்டம் பிடித்துக்கொண்டிருக்கும். ஒரு நுனி தட்டில், மறு நுனி பின்சில்லைத் தாங்கும் பின்கையில். இரண்டு பக்கமும் சுரையாணி, அது கழலாமலிருக்க ஊசி. ரயர் மாற்ற ஒருவர் சில்லைக் கழற்றுகிறார், திரும்பப் பூட்டும்போது சுரை மணலில் விழுந்து காணாமல் போகிறது, "இப்போதைக்கு" என்று கம்பியால் கட்டிவிடுகிறார். அந்த இப்போதைக்கு இரண்டு சொந்தக்காரரைக் கடந்து என்னிடம் வந்திருந்தது. கம்பி அறுந்ததும் தட்டு சில்லோடு சுழன்றது, பிறேக் றொட்டை இழுத்து மடக்கியது, சில்லு இறுகியது. வெளியே பார்த்தால் கிறீஸும் மண்ணும் அப்பிய ஓர் ஓரம், அவ்வளவுதான். நீங்கள் போகும்போது ஒரு பழந்துணி கொண்டுபோங்கள். குந்தியிருந்து அந்த இடத்தைத் துடையுங்கள். இரண்டு நுனியையும் கையால் ஆட்டுங்கள். பின்னச்சின் சுரையையும் அப்படியே பாருங்கள்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. சொந்தப் பாவனை வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. இடையில் ஐந்து வருடம் நாடு முழுக்க இருந்த வண்டிகளே கைமாறிக்கொண்டிருந்தன. விலை ஏறியது, விழுந்து நொறுங்கிய வண்டியும் நிமிர்த்திப் பூசி விற்கத்தக்கதாயிற்று. எனவே பளபளப்பான பெயின்றைக் கண்டால் சந்தோசப்படாதீர்கள். ராங்கிக்குக் கீழே, ஹான்டில் கழுத்தைச் சுற்றி விரலை ஓட்டுங்கள். அங்கே மட்டும் புதுப்பூச்சு, அல்லது தடித்த வெல்டிங் மேடு தட்டுப்பட்டால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள், என்ன விலைக்குத் தந்தாலும். செஸி இலக்கமும் அந்தக் கழுத்தில்தான் பெரும்பாலும் அடித்திருக்கும். பதிவுப் புத்தகத்தில் உள்ளதோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். லீசிங் கடன் மிச்சமா என்பதும் அந்தப் புத்தகத்திலேயே தெரியும்.

வண்டியின் செஸி கோணியிருக்கிறதா என்று பார்க்கப் பளை மண்ணே போதும். காலைப்பனியில் ஈரமான மணலில் வண்டியை நேராகப் பத்தடி உருட்டச் சொல்லுங்கள். முன்சில்லின் தடத்துக்கு மேலேயே பின்சில்லின் தடமும் விழ வேண்டும். ஒன்று ஒதுங்கிப் பக்கத்தில் ஓடினால் வண்டி எங்கோ பலமாக அடிபட்டிருக்கிறது, அல்லது பின்சில்லைக் கோணலாகப் பூட்டியிருக்கிறார்கள். எது என்று தெரியாமல் காசு கொடுக்காதீர்கள்.

பிறகு டபிள் ஸ்ராண்டில் ஏற்றி, ஒருவரைப் பின்னால் அமுக்கச் சொல்லி முன்சில்லைத் தூக்கி, ஹான்டிலை ஒரு விரலால் மெதுவாகத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்தது போல் பிடித்தால் கழுத்துக் குண்டுகள் தேய்ந்துவிட்டன. வேகத்தில் ஹான்டில் தானாக ஆடும். கம்பிச்சில்லு என்றால் ஒவ்வொரு கம்பியையும் ஸ்பனரால் தட்டுங்கள். இறுகிய கம்பி கிண்ணென்று பாடும், தளர்ந்தது மொட்டையாக ஒலிக்கும். எக்சிலேற்றரை முறுக்கி விட்டால் டக்கென்று தானாகத் திரும்ப வேண்டும், ஹான்டிலை இரண்டு கரைக்கும் ஒடித்துப் பிடித்திருக்கும்போதும்.

ரயரில் பூ இருக்கிறதே என்பார்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2317 என்றால் 2017 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் செய்தது. ஓடாமல் வெயிலில் நின்ற ரயரில் பூ தேயாமலே இருக்கும், ரப்பர் இறுகி மயிரிழையாக வெடித்திருக்கும். மழையில் அது தாரைப் பிடிக்காது.

எங்கள் பக்கத்துக்கென்று இரண்டு பிழைகள் உண்டு. ஒன்று உப்பு. சோளகக் காற்றுத் தொடங்கினால் கிளாலிக் கடல் பக்கமிருந்து அதோடு வருகிறது. முன் போர்க்கின் மினுக்கக் குழாயைத் துரு தின்று புள்ளி புள்ளியாக்கியிருந்தால் ஒயில் கசியும். அது முன்பிறேக்கில் வடிந்தால் பிறேக் வழுக்கும். மற்றது வெள்ளம். 2018 டிசெம்பரில் இரணைமடுக் குளம் வான்பாய்ந்தபோது கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் முற்றத்தில் நின்ற வண்டிகள் மூழ்கின. அப்படிக் கிடந்து எழும்பியது எதுவென்று விற்கிறவர் சொல்லமாட்டார். மீற்றர்க் கண்ணாடிக்குள் மங்கல் படிந்திருக்கிறதா, ஹெட்லைற் கிண்ணத்தின் அடியில் வண்டல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சில்லுப் பெயரிங்குகளையும் வயர்களையும் மாற்றும் காசை விலையில் கழிக்க வேண்டும்.

"புகைச் சான்றிதழ் இருக்கு, ஒரு பிழையுமில்லை" என்று காட்டினால் மயங்க வேண்டாம். அந்தச் சோதனை புகையை மட்டுந்தான் பார்க்கிறது. பிறேக் பிடிக்கிறதா என்று அங்கே ஒருவரும் மிதித்துப் பார்ப்பதில்லை.

ஒருமுறை மாலை மங்கிய பிறகும் போய்ப் பாருங்கள். ஏ9 இல் இரவில் தார்ச்சூட்டுக்கு மாடுகள் படுத்திருப்பதை நீங்கள் அறிவீர்கள். கறுத்த மாடு கண்ணுக்குத் தெரிய நல்ல ஹெட்லைற் வேண்டும். பின்லைற், கைப்பிறேக்குக்கும் கால்பிறேக்குக்கும் தனித்தனியாக எரிகிறதா என்பதையும் அப்போதே பாருங்கள்.

இவ்வளவும் பார்க்க ஒரு மணித்தியாலம் ஆகும். விற்கிறவர் பொறுமை இழந்தால், "அண்ணை, ஓடப்போறது என்ரை தம்பி" என்று சொல்லுங்கள். நல்ல மனிதர் என்றால் தானே குந்தியிருந்து காட்டுவார். பிடித்துப்போனாலும் அன்றைக்கே முற்காசு கொடுக்க வேண்டாம். அவர் சொல்லாத வேறொரு கராஜில் ஒருமுறை காட்டுங்கள். சீட்டுக்காசு முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிடாமல் இரண்டு ரயருக்கும் பிறேக் சூவுக்கும் நல்ல ஹெல்மெற்றுக்கும் ஒரு பங்கை எடுத்து வையுங்கள். முதல் இரண்டு நாள் தம்பி ஏ9 இல் ஏற வேண்டாம். தென்னந்தோட்டத்து ஒழுங்கைக்குள் மெதுவாக ஓடி, பிறேக் பிடித்துப் பிடித்துப் பார்க்கட்டும். ஒவ்வொரு முறையும் நிறுத்தியதும் பின்பிறேக் சட்டத்தின் அந்தச் சுரையாணிகளைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

வண்டி வாங்கியதும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்