எந்தப் படியால் அளப்பது?

கொல்லிமலையில் ஊர்த்தொகுதியையும் நாடென்றே வழங்குவர். அவற்றுள் ஒன்றான குண்டனி நாட்டில் அங்கத்தினர் கூட்டமொன்றில் முதியவர் ஒருவர், "வேற்று நாடுகளில் வாழ்வு நன்றென்கிறீர்களே, அதை எந்தப் படியால் அளக்கிறீர்கள், ஐயா?" என்று நம்மை வினவினார். தக்க வினா, ஆராய்வோம்.

பலரும் கையாளும் படி, தலைக்குரிய வருமானம். நாட்டின் மொத்த வருமானத்தை மக்கள் தொகையால் வகுத்தால் அது கிடைக்கும். தமிழர் வாழும் இலங்கையையும் தென்னாப்பிரிக்காவையும் எடுத்துக்கொள்வோம். விலைவாசி வேற்றுமையைச் சரிசெய்து நோக்கின், 2023ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவின் வருமானமே சற்று மிகுதி. ஆனால் சராசரி ஆயுள் இலங்கையில் சுமார் 77 ஆண்டு. தென்னாப்பிரிக்காவில் சுமார் 66 ஆண்டே.

காரணம் யாது? 2009 வரை நீடித்த போரின் புண் ஆறாத நாடெனினும், இலங்கையில் 1945 முதல் கல்வி இலவசம்; அரசாங்க மருத்துவமனைகளில் சிகிச்சையும் இலவசம். தென்னாப்பிரிக்காவிலோ 1994 வரை நிலவிய நிறவெறி ஆட்சி நிலத்தையும் கல்வியையும் ஒருசாராரிடம் குவித்தது. எய்ட்ஸ் நோயும் பல உயிர்களைக் கொண்டது. பத்துப் பேரில் ஒருவருக்கு நூறு மூட்டைச் சாமையும் ஏனையோருக்கு வெறுங்கையுமெனினும், சராசரி பத்து மூட்டையே! ஆதலின் ஐக்கிய நாடுகள் சபை 1990 முதல் வருமானத்துடன் ஆயுளையும் கல்வியையும் சேர்த்தே அளந்து வருகிறது.

அங்கத்தினர்களே, சங்க ஆண்டறிக்கையில் மொத்த விற்பனையை மட்டும் கண்டு மகிழ்தல் போதாது. அரை ஏக்கர் உடையவருக்கும் ஒற்றைத் தறி உடையவருக்கும் எவ்வளவு சேர்ந்தது? அவர்தம் பெண்மக்கள் பள்ளியில் தொடர்கின்றனரா? நோயாளி எத்தனை நாழிகையில் மருத்துவரை அடைகிறார்? பொதுக்குழுவில் இவற்றை வினவுங்கள்; அதுவே சரியான படி.