புயல் கடந்த மறுநாள்: ஹூஸ்டனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

புயல் என்றதும் புதிதாகக் குடிவந்த பிள்ளைகள் என்னிடம் கேட்பது, காற்று எவ்வளவு பலமாக அடிக்கும் என்றுதான். நான் 2008இல் ஐக், 2024இல் பெரில் இரண்டையும் இங்கேயே இருந்து பார்த்தவன். இரண்டு முறையும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் கரண்ட் போனது. காற்று ஒரே நாளில் ஓய்ந்துவிட்டது. ஆனால் பல தெருக்களில் விளக்கு எரிய ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. உயிருக்கு ஆபத்து அந்த ஒரு வாரத்தில்தான்.

1. "ஊரில் பார்க்காத கரண்ட் கட்டா?" என்று இருந்துவிடாதீர்கள். அங்கே மொட்டை மாடி உண்டு, ஜன்னலைத் திறந்தால் எதிர் ஜன்னல் வழியே காற்று ஓடும். இங்கே வீடு ஏ.சி.யை நம்பிக் கட்டியது. பெரில் கரையேறியது ஜூலை 8, நல்ல வெயில் காலம். ஏ.சி. நின்றுவிட்டால் மாடி அறைகளில் இருக்கவே முடியாது. எல்லோரும் கீழே வந்து படுங்கள்.

2. கோடைக்கு வந்திருக்கும் அப்பா அம்மாவை முதலில் கவனியுங்கள். "எனக்கு ஒண்ணுமில்லப்பா, நீ பிள்ளைங்களைப் பாரு" என்பார்கள். அந்தப் பேச்சை நம்பாதீர்கள். இருட்டில் பாத்ரூம் போக வேண்டுமே என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். டம்ளரைக் கையில் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்காருங்கள். பேச்சு குழறினாலோ, உடம்பு கொதித்தாலோ தாமதிக்காமல் 911ஐ அழையுங்கள். இன்சுலினை ஐஸ் பெட்டியில் வைக்கும்போது ஐஸ் நேராகப் படாதபடி துணியில் சுற்றுங்கள். உறைந்த இன்சுலின் உதவாது. ஆக்ஸிஜன் மெஷினில் இருப்பவர்களுக்கு, புயல் காலம் தொடங்கும் முன்பே 211ஐ அழைத்துப் பெயர் பதியுங்கள். கரண்ட் போனால், கரண்ட் உள்ள நண்பர் வீட்டுக்கு முதல் நாளே கிளம்பிவிடுங்கள். இதில் கூச்சம் பார்க்கக் கூடாது.

3. ஜெனரேட்டரை வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி, புகை ஜன்னல் பக்கம் திரும்பாதபடி வையுங்கள். மழை என்றாலும், திருட்டு பயம் என்றாலும் கராஜுக்குள் கொண்டுவரவே கூடாது. கராஜ் கதவைத் திறந்து வைத்தாலும் போதாது. ஜெனரேட்டரிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. தூக்கத்திலேயே கொன்றுவிடும். 2020இல் லாரா புயலுக்குப் பிறகு லூசியானாவின் லேக் சார்ல்ஸ் நகரில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பலர் இப்படித்தான் இறந்தார்கள். ஜெனரேட்டர் கராஜில் ஓடிக்கொண்டிருந்தது. இதைப் படிக்கும்போது பதறினால் நல்லது, பதறத்தான் வேண்டும். கரி அடுப்பையும் உள்ளே ஏற்றாதீர்கள்.

ஜெனரேட்டர் வயரைச் சுவர் சாக்கெட்டில் செருகி வீடு முழுவதும் கரண்ட் கொடுக்கலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அந்தக் கரண்ட் வெளியே போய், தெருக் கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனைக் கொல்லும். எக்ஸ்டென்ஷன் கார்டில் ஃப்ரிட்ஜும் ஒரு மின்விசிறியும் ஓடினால் போதும்.

4. மூடியே வைத்த ஃப்ரிட்ஜ் 4 மணி நேரம் தாங்கும். நிரம்பிய ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிரம்பியது 24. அதற்குமேல் குழம்பு, சோறு, கறி எதையும் மோந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள், கொட்டிவிடுங்கள். கேஸ் அடுப்பாக இருந்தால் பெரும்பாலும் தீக்குச்சியால் பற்றவைக்கலாம். மின் அடுப்பு வீடுகளுக்கு அவலும் சத்துமாவும் கைகொடுக்கும். ஊறவைத்த அவலில் வெல்லமும் தேங்காயும் போட்டால் குழந்தைகள் மறுக்க மாட்டார்கள்.

5. புயல் வருவதற்கு முன்பே காரில் பெட்ரோல், கையில் ரொக்கம், குளியல் தொட்டி நிறையத் தண்ணீர். கராஜ் கதவைக் கையால் திறக்கச் சிவப்புக் கயிறு தொங்கும், அதை ஒருமுறை இழுத்துப் பழகுங்கள்.

6. பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் முதியவரின் கதவைக் காலையும் மாலையும் தட்டுங்கள். அவர் எந்த ஊர்க்காரர், எந்த மொழிக்காரர் என்பதெல்லாம் அப்போது கணக்கில்லை.

டெக்சாஸில் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் கடைசியில் ஒரு வார இறுதியில் ஜெனரேட்டர், பேட்டரி போன்றவற்றுக்கு விற்பனை வரி கிடையாது. அந்த நாட்களில் மற்றதை வாங்காவிட்டாலும், பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை வாங்கிப் படுக்கையறைக்கு வெளியே மாட்டுங்கள்.