லாரி விபத்துகளும் வியாபாரிகளின் பொறுப்பும்



அரிசி மூட்டை, பருப்பு, எண்ணெய் டின், சர்க்கரை என நம் கடைக்கு வரும் சரக்கில் பெரும்பகுதி லாரியில்தான் வருகிறது. நம் வட்டாரத்தின் இன்னொரு பெரிய தொழிலான தோல் தொழிலும் லாரியை நம்பியே நடக்கிறது. உப்பிட்ட பச்சைத்தோல், சுண்ணாம்பு, அமிலம், முடித்த தோல் அத்தனையும் வாலாஜா, ராணிப்பேட்டை, வேலூர், பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி வழியாகச் செல்லும் ஒரே நெடுஞ்சாலையில் இரவு பகலாக ஓடுகின்றன. விபத்து நடந்தால் "டிரைவர் தூங்கிவிட்டான்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். ஆனால் பல விபத்துகளுக்கு வித்து, லோடு ஏற்றும் இடத்திலேயே, அதாவது நம் கண் முன்னாலேயே விதைக்கப்படுகிறது. ஆகவே விபத்தின் வகைகளையும், அவற்றில் நம் பங்கு என்ன என்பதையும் இங்கே பார்ப்போம்.

1. நிற்கும் வண்டியில் மோதுவது

2023 செப்டம்பர் 11 அன்று நாட்றம்பள்ளி அருகே நடந்ததை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். சுற்றுலா சென்று திரும்பிய வேன் ஒன்று பழுதாகிச் சாலையில் நின்றது. பயணிகள் கீழே இறங்கி அருகிலேயே அமர்ந்திருந்தனர். பின்னால் வந்த மினி லாரி வேன் மீது மோதியதில் 7 பெண்கள் உயிரிழந்தனர். அவர்கள் நம் ஆம்பூர் பக்கத்துக் கிராமத்தினர்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் ஓடிவிடும். டிரைவர் கண்டு, உணர்ந்து, பிரேக்கை மிதிப்பதற்குள்ளேயே அந்தத் தூரம் போய்விடுகிறது. அதன் பிறகுதான் வண்டி வேகம் குறையத் தொடங்கும். இரவில் பின்விளக்கு எரியாத லாரி, கிட்டே வந்த பிறகே கண்ணுக்குத் தெரியும்.

சரக்கு ஏற்றும்போதே பின்விளக்கு எரிகிறதா, ஒளிரும் பட்டை ஒட்டியிருக்கிறதா, எச்சரிக்கை முக்கோணம் வண்டியில் இருக்கிறதா என்று நம் குமாஸ்தா ஒருமுறை சுற்றிப் பார்த்துவிடலாம். இரண்டு நிமிட வேலைதான். வழியில் பழுதானால் முக்கோணத்தை வண்டியின் காலடியில் அல்ல, குறைந்தது 50 மீட்டர் பின்னால் வைக்க வேண்டும். ஆட்கள் சாலையை விட்டு முற்றிலும் விலகி நிற்க வேண்டும்.

2. இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போவது

தருமபுரி, சேலம் பக்கம் சரக்கு அனுப்புவோருக்குத் தொப்பூர் கணவாய் தெரியும். 2020 டிசம்பரில் அங்கே சிமென்ட் ஏற்றி வந்த லாரி கட்டுப்பாடு இழந்து, முன்னால் நின்ற வாகனங்கள் மீது வரிசையாக மோதியதில் நான்கு பேர் மாண்டனர்.

நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது பழைய டிரைவர்கள் சொல்லும் பாடம். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது உயிரைப் பணயம் வைப்பதாகும். இதில் நம் பங்கு கூடுதல் சுமை. எடை கூடக் கூட பிரேக்கின் வேலையும் கூடுகிறது.

2018-இல் மத்திய அரசு எடை வரம்பை உயர்த்தியபோது, இரண்டு அச்சு லாரிக்கு வண்டியின் எடையும் சேர்த்து 18.5 டன் என்று ஆனது. மூன்று அச்சு லாரிக்கு 28.5 டன். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி வரம்பை மீறினால் அபராதம் 20,000 ரூபாய். மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். 50 கிலோ மூட்டை 40 கூடுதலாக ஏற்றினால் 2 டன், அபராதம் 24,000 ரூபாய்! அதை இறக்கி வைக்கும் செலவு தனி. ஓட்டியவர் மட்டுமல்ல, ஓட்டச் செய்தவரும் பொறுப்பு என்பது சட்டத்தின் வாசகம். 40 மூட்டைக்கு மிச்சமாகும் வாடகை எவ்வளவு என்று நாமே கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

3. கவிழ்வது, சரக்கு சரிவது

பஞ்சு, தவிடு, காலி டின் போன்ற இலேசான சரக்கை உயரமாக அடுக்கினால், வளைவில் வண்டி சாயும். கனமான மூட்டைகள் அடியிலும், இலேசானவை மேலேயும், இரு பக்கமும் சமமாகவும் இருக்க வேண்டும். பாதி நிரம்பிய டேங்கர் லாரியில் உள்ளே திரவம் அலைமோதுவதால் அது முழு டேங்கரை விட எளிதில் நிலை தடுமாறும்.

இன்னொன்று. மூட்டைகளின் மேல் லோடுமேன்களை உட்கார வைத்து அனுப்பும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. வண்டி கவிழ்ந்தால் முதலில் நசுங்குவது அவர்கள்தான். அவர்களுக்குப் பஸ் கட்டணம் கொடுப்பதால் நம் முதல் கரைந்துவிடாது.

4. கடைத்தெருவில் நேரும் விபத்து

வேலூர் லாங்கு பஜார், மண்டித் தெரு போன்ற நெருக்கடியான இடங்களில் லாரி மெதுவாகத்தான் வருகிறது. ஆனாலும் ஆபத்து உண்டு. திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் போகாது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். இடப்பக்கம் ஒட்டி நிற்கும் சைக்கிள்காரர் டிரைவர் கண்ணில் படமாட்டார். ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் குழந்தை நின்றாலும் தெரியாது. வண்டியைப் பின்னால் எடுக்கும்போது ஒருவர் கீழே நின்று, டிரைவரின் கண்ணாடியில் தெரியும்படி வழி காட்ட வேண்டும். கூடியவரை கூட்டம் இல்லாத நேரத்தில் சரக்கு இறக்குவது நம் கையில்தான் இருக்கிறது.

5. இரசாயனமும் தீயும்

இது நம் வட்டாரத்துக்கே உரிய ஆபத்து. தோல் பதனிடும் தொழிற்சாலைகளுக்கு சோடியம் சல்பைடும் போகிறது, கந்தக அமிலமும் போகிறது. இவை இரண்டும் ஒரே வண்டியில் உடைந்து கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயு கிளம்பும். தொடக்கத்தில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். வாயு மிகுந்தால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாமல் உயிர் போய்விடும்.

பார்சல் லாரியில் நம் பருப்பு மூட்டையோடு எந்த டிரம் ஏறுகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வோம். இரசாயனம் பட்ட மூட்டையைக் காயவைத்து விற்பது பாவம், குற்றமும்கூட.

டேங்கர் கவிழ்ந்தால் வேடிக்கை பார்க்கவோ, வழிவதைப் பிடிக்கவோ போகக்கூடாது. 2017 ஜூன் 25 அன்று பாகிஸ்தானில் பஹவல்பூர் அருகே கவிழ்ந்த டேங்கரிலிருந்து எரிபொருளைப் பிடிக்கக் கூடியவர்களில் 200-க்கும் மேற்பட்டோர் தீயில் மாண்டனர்.

சரக்குக்குப் பாதுகாப்பு

விபத்தில் நம் சரக்கு அழிந்தால் என்ன கிடைக்கும்? 2007-ஆம் ஆண்டுச் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டமும் அதன் 2011-ஆம் ஆண்டு விதிகளும் இதைச் சொல்கின்றன. கூடுதல் பொறுப்புக்கான கட்டணத்தை ஒப்புக்கொண்டு செலுத்தாவிட்டால், பொதுவாக வாடகையைப் போல் பத்து மடங்கு வரைதான் லாரி கம்பெனியின் பொறுப்பு. 3,000 ரூபாய் வாடகையில் 2 லட்ச ரூபாய் சரக்கு போனால் 30,000 ரூபாய்க்கு மேல் எதிர்பார்க்க முடியாது. வழக்குப் போடுவதானால், புக்கிங் தேதியிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். ஆகவே லாரி ரசீதில் சரக்கின் மதிப்பைச் சரியாக எழுதி வாங்குவோம். சரக்குக்குத் தனி இன்ஷூரன்ஸும் எடுத்துக்கொள்வோம்.

விபத்தைக் கண்டால்

108-க்குப் போன் செய்வோம். தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்ற எண்ணும் உண்டு. 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய திட்டத்தின் கீழ், சேர்க்கப்பட்ட மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். நல்லெண்ணத்தில் உதவுபவரைச் சட்டம் பாதுகாக்கிறது. பெயரைச் சொல்லும்படிகூட அவரைக் கட்டாயப்படுத்த முடியாது.

லாரி ஓட்டுவது டிரைவராக இருக்கலாம். ஆனால் எத்தனை மூட்டை, எந்த நேரம், எவ்வளவு அவசரம் என்று சொல்வது நாம். "விடிவதற்குள் சரக்கு வந்து சேர வேண்டும்" என்ற நம் ஒரு வார்த்தைதான் அவர் தூக்கத்தைப் பறிக்கிறது. சரக்கு அரை நாள் தாமதமாக வந்தால் வியாபாரம் கெட்டுவிடாது. போன உயிர் திரும்பி வராது.