பழைய பிக்-அப் வண்டிகளில் துருப்பிடித்த பிரேக்கைச் சீர்செய்யும் முறை

பாகூர், வில்லியனூர், மண்ணாடிப்பட்டு முதலிய பகுதிகளின் குடியானவர்கள் முற்காலத்தில் தங்கள் விளைபொருள்களைக் கட்டைவண்டிகளில் ஏற்றிப் புதுச்சேரி நகரத்து மார்க்கெட்டுக்குக் கொண்டுவந்தனர். இக்காலத்தில் அவ்வேலையைச் சிறு பிக்-அப் லாரிகள் செய்கின்றன. மாட்டின் லாடம் தேய்ந்தால் அது நொண்டுவதைக் கண்டு உடையவன் அறிந்துகொள்வான். பிரேக் குழாய் துருவினால் மெலிந்தாலோ, வண்டி பெரும்பாலும் யாதொரு குறிப்பும் காட்டாது. பாரத்தோடு செல்லும் ஒரு நாளில் குழாய் வெடித்து, பெடல் அமிழ்ந்து, நிற்கவேண்டிய இடத்தில் வண்டி நில்லாது. ஆகையால் துருவைத் தேடிப் பார்ப்பதே முதற்கடமை.

துருப்பிடிக்கும் காரணம்

இரும்பும் நீரும் பிராணவாயுவும் கூடுமிடத்தில் துரு உண்டாகும். உப்பு அதனைத் துரிதப்படுத்தும். கடற்காற்றின் உப்பு, வயற்சேறு, மூட்டைகளிலிருந்து சிந்தும் பொட்டாஷ் முதலிய உரங்கள், மீன்பெட்டிகளின் நீர் ஆகியவை குழாயைப் பிடித்திருக்கும் கிளிப்புகளிலும் பின் அச்சின் மேலும் படிந்து ஈரத்தைத் தங்கச் செய்கின்றன. 2024 நவம்பர் 30-ந் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரைகடந்தபோது ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேற்பட்ட மழை பெய்தது. அத்தகைய வெள்ளத்தில் நின்ற வண்டியின் டிரம்களைக் கழற்றிப் பாராமல் பாரம் ஏற்றலாகாது.

துரு உள்ளிருந்தும் பிடிக்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. தரவிதிப்படி, டாட் 3 எண்ணெய் புதிதாயிருக்கையில் 205 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழ் கொதிக்கலாகாது. ஈரமேறியபின் அந்த அளவு 140 டிகிரியாகத் தாழ்ந்துவிடுகிறது.

சோதிக்கும் முறை

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியால் உயர்த்தியபின் உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்தவேண்டும். ஜாக்கியை மாத்திரம் நம்பி அடியில் புகுதல் உயிருக்கு அபாயம். சேற்றைக் கழுவி, குழாயை முழுநீளமும் துடைத்துப் பார்க்கவேண்டும். மேலே படிந்த செந்தூள் நீங்கி, அடியில் வழவழப்பான உலோகம் தெரிந்தால் பழுதில்லை. குழிகள் விழுந்திருந்தாலும், செதில் பெயர்ந்தாலும், எண்ணெய் கசிந்தாலும் அக்குழாயைத் தள்ளிவிடவேண்டும்.

சீர்செய்தல்

1. குழாய்: ஓட்டையைப் பற்றவைத்து அடைப்பதும், ரப்பர் குழாயைச் செருகிக் கம்பியால் கட்டுவதும் கூடா. பெடலை அழுத்தி மிதிக்கையில் உள்ளே ஏற்படும் அழுத்தம் காற்றுமண்டல அழுத்தத்தைப்போல் ஐம்பது மடங்குக்கும் மேற்படக்கூடும். பிரேக்குக்கென்றே செய்த எஃகுக் குழாயையோ, செம்பும் நிக்கலும் கலந்த குழாயையோ புதிதாக அமைக்கவேண்டும். தனிச் செம்புக்குழாய் அதிர்ச்சியால் வெடிக்கும்.

2. நட்டுகள்: துரு இளக்கும் எண்ணெயை முதல்நாள் இரவே விட்டு ஊறவைத்து, நட்டைச் சுற்றிப் பிடிக்கும் ஸ்பானரால் திருப்பவேண்டும். அவ்வெண்ணெய் லைனிங்கிலும் ரப்பரிலும் படலாகாது.

3. டிரம்: இறுகியிருந்தால் ஷூக்களின் அட்ஜஸ்டரைத் தளர்த்தி, மரச்சுத்தியால் மெல்லத் தட்டி எடுக்கவேண்டும். உள்ளிருக்கும் தூசியை ஊதலாகாது. பழைய லைனிங்குகளில் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் இருக்கக்கூடும். ஈரத்துணியால் துடைப்பதே உசிதம்.

4. வீல் சிலிண்டர்: ரப்பர் மூடியின் உட்புறம் எண்ணெய் கசிந்திருந்தாலும், பிஸ்டன் இறுகியிருந்தாலும் புதியது போடவேண்டும். எண்ணெயில் ஊறிய லைனிங் மீண்டும் உதவாது. ஒரே அச்சின் இருபுறமும் சேர்த்தே மாற்றவேண்டும். இல்லையேல் பிரேக் பிடிக்கையில் வண்டி ஒருபக்கம் இழுக்கும்.

5. எண்ணெய்: மூடியில் குறித்துள்ள வகையையே, முத்திரை பிரியாத டப்பாவிலிருந்து ஊற்றவேண்டும். என்ஜின் ஆயிலோ மண்ணெண்ணெயோ கலந்தால் ரப்பர் வாஷர்கள் உப்பிக் கெடும். வண்டியின் கையேடு வேறு கெடு கூறாவிடில், இரண்டாண்டுக்கொருமுறை மாற்றுதல் நன்று.

இறுதிச் சோதனை

கையேடு கூறும் வரிசைப்படி குழாய்களிலுள்ள காற்றை வெளியேற்றவேண்டும். பெரும்பாலான வண்டிகளில் தூரத்துச் சக்கரமே முதல். பின்னர் என்ஜினை ஓடவிட்டு, பெடலை ஒரு நிமிஷம் அழுத்திப் பிடிக்கவேண்டும். அது சிறிது சிறிதாக அமிழுமானால் வேலை முடியவில்லை என்று அறிக. கசிவில்லையென்று கண்டபின், காலியிடத்தில், பாரமின்றி, மெதுவாக ஓட்டிப் பார்க்கவேண்டும். இவ்வேலையில் பழக்கமில்லாதார் தேர்ந்த மெக்கானிக்கிடம் ஒப்படைப்பதே தக்கது. எனினும் மேற்கண்டவற்றை அறிந்த உடையவன், பட்டறையில் நடந்த வேலை சரியா என்று தானே பார்த்துக்கொள்ளலாம்.

கிராம அதிகாரிகளுக்கு

எட்டாண்டுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகள் ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெறவேண்டுமென்பது மோட்டார் வாகன விதி. ஆனால் சான்று பெற்ற மறுமாதமே துரு வேலைசெய்யத் தொடங்கும். ஆகையால் ஐப்பசி மழைக்கு முன்னும், மார்கழி கழிந்தபின்னும் ஒவ்வொரு வண்டியின் அடிப்பாகத்தையும் பார்க்கும்படி உடையவர்களுக்கு எடுத்துரைப்பது நலம். அறுவடைக் காலத்தில் மூட்டைகளின்மேல் ஆட்களை ஏற்றிச்செல்லும் வழக்கத்தையும் நிறுத்தவேண்டும். ஒரு குழாயின் விலை சொற்பம். அதனை நம்பிச் செல்லும் உயிர்கள் விலைமதிப்பற்றவை.