சுவரில் ஏறும் ஓதம்: வண்ணம் பூசுவதற்கு முன்

பண்டிகைக்கு வண்ணம் பூசும்போது, கூடத்துச் சுவரின் அடிப்பகுதியை மட்டும் சுரண்டி, பட்டி பார்த்துப் புதிதாகப் பூசும் குடும்பங்கள் பல. அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அதே இடம் பொருமி, வெண்ணிற உப்புப் பூத்து, பூச்சு பொடியாக உதிர்கிறது. வீட்டுக் கடனுக்காகப் பழைய வீடுகளைப் பார்வையிட்டு மதிப்பிடும் பொறியாளன் என்ற முறையில், இக்காட்சியை எத்தனையோ இல்லங்களில் கண்டிருக்கிறேன். செலவு செய்யத் தயங்காத அவ்வில்லத்தார், நீர் எங்கிருந்து வருகிறது என்ற வினாவை மட்டும் எழுப்பியிருக்கமாட்டார்கள்.

நம் நாட்டு வீடுகளில் தரைக்கும் மண்ணுக்கும் இடையே பெரும்பாலும் காற்றுவெளி கிடையாது. கடைக்காலுக்கு மேல் பீடம் எழுப்பி, அதனுள் மண்ணோ மணலோ நிரப்பி, அதன்மீது தளம் இடுகிறோம். (தமிழ்நாட்டில் இப்பீடத்தையே பேஸ்மென்ட் என்பர், தில்லியில் அச்சொல் நிலத்தடி அறையைக் குறிக்கும். வேற்றூரில் வீடு வாங்குவோர் இதை நினைவில் கொள்வது நலம்.) விளக்குத்திரி எண்ணெயை இழுப்பது போல, செங்கல்லிலும் சாந்திலும் உள்ள நுண்துளைகள் மண்ணின் ஈரத்தை மேலே இழுக்கின்றன. இவ்வாறு ஏறும் ஓதம் பெரும்பாலும் 1 மீட்டர் உயரத்திற்குள் நின்றுவிடும். இதைத் தடுக்கவே, பீடம் முடிந்து சுவர் தொடங்குமிடத்தில் நீர்புகாக் கலவை சேர்த்த கான்கிரீட் அடுக்கு ஒன்று இடப்படுகிறது. பீடம் சுற்றுநிலத்தைவிடக் குறைந்தது 45 செ.மீ. உயர்ந்திருக்க வேண்டும் என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பின் நெறி.

கட்டும்போது இவை சரியாகவே இருந்திருக்கலாம். பின்னர் உயர்வது தெருதான். பழைய தார்ப்பரப்பை அகற்றாமல் அதன்மேலேயே மீண்டும் மீண்டும் சாலை இடப்படும் நகரங்களில், மூன்று படி ஏறி நுழைந்த வீட்டிற்குள் இன்று ஒரு படி இறங்கி நுழைகிறோம். தெருநீர் உள்ளே வராதிருக்க, உரிமையாளர் முற்றத்தில் மண் கொட்டி மேடாக்கிச் சிமென்ட் தளம் போடுகிறார். அந்த மேடு ஈரத்தடுப்பு அடுக்கையும் தாண்டிவிட்டால், ஈரம் பக்கவாட்டிலிருந்து நேரே சுவருக்குள் புகும். அடுக்கு பழுதாகவில்லை, புதைந்துபோயிற்று. சுவரை ஒட்டி அமைத்த பூம்பாத்தியும், கடைக்காலுக்கு மிக அருகில் தோண்டிய மழைநீர் உறிஞ்சுகுழியும் இதே தீங்கைச் செய்யும்.

எனவே முதலில் சோதனை. தரையில் ஓரிடத்தை நன்கு துடைத்து, இரண்டடிச் சதுரப் பாலித்தீன் தாளை விரித்து, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் மூடி ஒரு நாள் விட்டுவிடுங்கள். தாளின் அடியில் நீர்த்துளி கண்டால் ஈரம் தளத்தின் கீழிருந்து வருகிறது. மேற்புறம் மட்டும் நனைந்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம், சாளரங்களைத் திறந்துவைத்தாலே குறையும். அடுத்து, இரவில் எல்லாக் குழாய்களையும் மூடி, மோட்டாரையும் நிறுத்தி, மேல்தொட்டியிலும் நிலத்தடித் தொட்டியிலும் நீர்மட்டத்தைக் குறித்து வையுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் தொட்டியையும் குழாய் இணைப்புகளையும் ஐயுற வேண்டும். கோடையிலும் காயாத கறை, குளியலறைச் சுவரின் மறுபுறத்தில் இருக்குமானால் பெரும்பாலும் குழாய்க் கசிவே.

மருந்து நோயைப் பொறுத்தது. புதைந்த பீடத்திற்கு, சுவரோரம் மேடிட்ட மண்ணை ஈரத்தடுப்பு அடுக்கிற்குக் கீழே 15 செ.மீ. வரை அகற்றி, வீட்டிலிருந்து வெளிநோக்கிச் சாய்வும் வடிகாலும் அமைப்பதே முதல் வேலை. அடுக்கே இல்லாத பழைய சுவரில், அடிவரிசைச் சாந்தில் துளையிட்டு நீர்விலக்கும் வேதிக்கலவையைச் செலுத்தலாம். உட்புறத்தில் நீர்புகாச் சிமென்ட் பூசுவதை நான் பரிந்துரைப்பதில்லை. வெளியேற வழியற்ற ஈரம் அப்பூச்சிற்கு மேலே போய்த் தலைகாட்டும். காரணம் நீங்கிய பின்னும் 9 அங்குலச் சுவர் உலரப் பல மாதங்களாகும். உலருமுன் வண்ணம் பூசுவது முன்போலவே வீண் செலவு. நிலத்தடி அறைகளின் நிலை வேறு: அங்கே நிலத்தடிநீரின் அழுத்தம் உட்பூச்சைப் பெயர்த்துத் தள்ளும், வெளிப்புறக் காப்போ, நீரைச் சேர்த்து இறைக்கும் குழியோ வேண்டும். அப்பணிக்கு மேஸ்திரியின் அனுபவம் மட்டும் போதாது, கட்டுமானப் பொறியாளரை அழையுங்கள்.

இனிப் பணம் பற்றி. புதிய அடுக்ககம் வாங்கியவர்களுக்கு 2016ஆம் ஆண்டின் மனைவணிகச் சட்டம் துணைநிற்கிறது. அது பொருந்தும் திட்டங்களில், வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் சுட்டிக்காட்டப்படும் கட்டமைப்பு, வேலைத்தரக் குறைகளைக் கட்டுநர் கட்டணமின்றி 30 நாட்களுக்குள் சரிசெய்ய வேண்டும். முறையீட்டை எழுத்துவடிவில், தேதியிட்ட நிழற்படங்களுடன் கொடுங்கள். வீட்டுக் காப்பீடு வெள்ளத்தையும் தொட்டி வெடிப்பையும் போன்ற திடீர் இழப்புகளுக்கானது; மெல்ல ஏறும் ஓதத்திற்கு இழப்பீடு எதிர்பார்க்க வேண்டாம். பழுதுபார்ப்பிற்குக் கடன் பெற்றால், சொந்தக் குடியிருப்பாயின், பழைய வரிமுறையில் இருப்போர் அதன் வட்டியில் ஆண்டுக்கு ரூ. 30,000 வரை கழிவு கோரலாம்.

பழைய வீடு வாங்குவோர், முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒருமுறையேனும் மழைக்கு மறுநாள் சென்று பாருங்கள். அலமாரியைச் சற்று நகர்த்தச் சொல்லுங்கள். சுவரின் அடி மூன்றடியில் மட்டும் புது வண்ணமோ புதிய ஓடோ இருந்தால், அது ஏன் என்று தயங்காமல் கேளுங்கள்.